நிரலாளரின் மேசைக்கு எது அவசியம்? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் எழுதுபவர்களுக்கு உண்மையிலேயே இன்றியமையாத கருவிகளும் வசதிகளும் எவை என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறோம். எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமலே இருந்துவிடலாம் என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம்.

கேள்வி: என் மகன் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். மெக்கானிக்கல் கீபோர்டு, பெரிய மானிட்டர், விலை உயர்ந்த நாற்காலி, இரைச்சலை மறைக்கும் ஹெட்போன் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறான். இவையெல்லாம் தேவைதானா, ஆடம்பரமா? — இல்லத்தரசி, சேலம்

பட்டியலில் இருக்கும் நான்கில் நாற்காலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கும் வேலைக்குச் சாப்பாட்டு மேசை நாற்காலியோ பிளாஸ்டிக் நாற்காலியோ போதாது. அதற்காக அமெரிக்க நிறுவனங்கள் 1990களில் வாங்கிக் குவித்த ஏரான் நாற்காலி வேண்டும் என்பதில்லை. ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994இல் வெளியிட்ட அந்த வலைத்துணி நாற்காலி புதிய இணைய நிறுவனங்களின் அந்தஸ்துச் சின்னமாகவே ஆகி, அந்நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கவிழ்ந்தபோது ஏலத்துக்கும் வந்தது. உங்கள் மகனின் நாற்காலியில் நீங்கள் பார்க்க வேண்டியவை சில எளிய விஷயங்கள்தாம்: உட்காரும்போது பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும், கீழ்முதுகுக்குத் தாங்கல் இருக்க வேண்டும், தோளைத் தூக்காமலே முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். உயரத்தை மாற்றக்கூடிய சாதாரண அலுவலக நாற்காலியே இதற்குப் போதுமானது.

அடுத்தது மானிட்டர். மடிக்கணினியின் அடிப்படைக் குறையே திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதுதான். கைக்கு வசதியான உயரத்தில் அதை வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் மணிக்கட்டு வளைகிறது. திரையின் மேல்விளிம்பு ஏறக்குறைய கண் மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருக்க வேண்டும். மானிட்டர் வாங்க இப்போது வசதி இல்லை என்றால், மடிக்கணினியை நான்கு தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி வைத்து, தனியாக ஒரு மலிவான விசைப்பலகையை இணைத்துவிடலாம். பெரும்பாலானோரின் கழுத்து வலிக்கு இந்தச் செலவில்லாத ஏற்பாடே பாதி தீர்வு.

மெக்கானிக்கல் விசைப்பலகை சுகமான பொருள்தான், ஆனால் கட்டாயமில்லை. சாதாரண விசைப்பலகையில் விசைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பர்க் குமிழ் அடிவரை அமுங்கினால்தான் எழுத்து பதிவாகும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங்கும் சுவிட்சும் உண்டு. பெரும்பாலான செர்ரி நிறுவன வகைச் சுவிட்சுகள் நான்கு மில்லிமீட்டர் இறங்கக்கூடியவை என்றாலும், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். பழகிய கை பாதியிலேயே திரும்பிவிடுவதால் விரல் களைப்பதில்லை என்பது அதன் ரசிகர்கள் சொல்லும் நியாயம். வாங்குவதென்றே முடிவானால் நிறத்தை மட்டும் கவனியுங்கள்: நீலச் சுவிட்ச் ஒவ்வொரு தட்டலுக்கும் டக் டக் என்று ஒலிக்கும், பழுப்பு நிறம் விரலுக்கு ஒரு சிறு மேட்டை மட்டும் உணர்த்தும், சிவப்பு வழுவழுவென்று இறங்கும். வீட்டில் இரவில் தூங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றால் நீலத்தை வாசற்படி தாண்ட விடாதீர்கள். ஹெட்போனைப் பற்றி வேறொரு வாசகரும் கேட்டிருப்பதால் அங்கே பார்ப்போம்.

கேள்வி: 'ப்ராஜெக்ட்', 'ப்ராஜெக்ட் ஃபைனல்', 'ப்ராஜெக்ட் ஃபைனல் 2' என்று கோப்புறைகளாக நகலெடுத்து வைப்பதுதான் என் வழக்கம். சீனியர்கள் கிட் கற்றுக்கொள் என்கிறார்கள். தனியாக எழுதும் எனக்கு அது எதற்கு? — பொறியியல் மாணவி, திருநெல்வேலி

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு நிரலாளரிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம் என்றால், நிரலின் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைத்தான் பலர் கேட்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள் 2002 முதல், இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளை இலவச அனுமதியோடு பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அந்த இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் பரவியிருந்த அத்தனை பேரின் மாற்றங்களையும் வேகமாக ஒன்றிணைக்கக்கூடிய மாற்று எதுவும் திருப்தியாக இல்லாததால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார்; அதுதான் கிட். சில நாட்களிலேயே கிட்டின் சொந்த நிரலைக் கிட்டே பராமரிக்கும் நிலை வந்தது. ஜூனில் கெர்னலின் 2.6.12 பதிப்பு அதைக் கொண்டே வெளியானது. அடுத்த மாதமே பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் அவர் ஒப்படைத்தார்.

தனியாள் ஒருவருக்கு இதனால் என்ன பயன் என்பதுதானே உங்கள் கேள்வி? நீங்கள் ஒவ்வொரு முறை கமிட் செய்யும்போதும், அதாவது மாற்றங்களைப் பதியச் சொல்லும்போதும், திட்டம் முழுவதும் அந்த நொடியில் எப்படி இருந்ததோ அந்த நிலையைக் கிட் பதிந்துகொள்கிறது. அந்தப் பதிவுக்கு, அதன் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய பதிவிலிருந்தும் கணக்கிட்ட நாற்பது எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளத்தைக் கொடுக்கிறது. ஆகவே பழைய பதிவு ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்வரும் எல்லா அடையாளங்களும் மாறிவிடும். யாரும் சத்தமில்லாமல் வரலாற்றைத் திருத்திவிட முடியாது. மாறாத கோப்புகளை மீண்டும் மீண்டும் சேமிக்காததால் இடமும் வீணாவதில்லை. 'ஃபைனல் 2' கோப்புறையைத் திறந்தால் அதில் என்ன இருக்கிறது என்று மட்டுமே தெரியும். எந்த வரியை எதற்காக மாற்றினீர்கள் என்பது கமிட்டோடு நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பில்தான் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு; பலர் அதைத் தாமதமாகவே கண்டுபிடிக்கிறார்கள். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, இடையில் ஆயிரம் கமிட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பைசெக்ட் என்ற கட்டளை நடுவில் உள்ள கமிட்டை எடுத்துத் தரும். அது ஓடுகிறதா இல்லையா என்று நீங்கள் சொன்னால், பாதியைத் தள்ளிவிட்டு மீதிப் பாதியின் நடுவுக்குப் போகும். இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால், ஆயிரத்தில் எது குற்றவாளி என்று ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் தெரிந்துவிடும். கோப்புறைகளை நகலெடுத்து வைத்திருப்பவருக்கு இந்த வழியே கிடையாது. எதையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் துணிந்து பெரிய மாற்றங்களைச் செய்ய மனம் வரும். அந்தத் துணிச்சலைத்தான் நான் கிட்டின் உண்மையான பயனாகக் கருதுகிறேன்.

கடவுச்சொற்களையும் ரகசிய விசைகளையும் மட்டும் கமிட் செய்துவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் அவை வரலாற்றில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கேள்வி: என் நிரல்கள் எல்லாம் கிட் திட்டங்களை இணையத்தில் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் இருக்கின்றன. இனித் தனியாக பேக்கப் எதற்கு? — மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

நிரல் அளவில் நீங்கள் ஓரளவு பாதுகாப்பாகத்தான் இருக்கிறீர்கள். கிட்டில் குளோன் செய்த ஒவ்வொரு நகலும் முழு வரலாற்றையும் தாங்கியிருப்பதால், ஓரிடத்தில் அழிந்தாலும் வேறொருவர் கணினியிலிருந்து மீட்டுவிடலாம். ஆனால் தரவுத்தளம், வடிவமைப்புக் கோப்புகள், வாடிக்கையாளரின் ஆவணங்கள் ஆகியவை கிட்டில் இருப்பதில்லையே.

இதற்கு, கிட்ஹப்பைப் போலவே நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை விடச் சிறந்த பாடம் கிடைக்காது. அதை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. 2017 ஜனவரி 31 அன்று இரவு, இரண்டு தரவுத்தள சர்வர்களுக்கு இடையில் ஏற்பட்ட சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் செய்வதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த நகல், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் நெடுநாளாக எடுக்கப்படவே இல்லை. அந்தத் தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. அதே பொறியாளர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். பயனர்களின் கிட் களஞ்சியங்களுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதையும் கவனியுங்கள். தொலைந்தவை தரவுத்தளத்தில் இருந்த ஆறு மணி நேரத்துக் கருத்துகள், கணக்குகள் போன்றவை.

ஆகவே பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு கோப்பை உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய கணக்கு இன்றும் செல்லும்.

கேள்வி: விம் தெரிந்தவர்தான் நல்ல நிரலாளர் என்று அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள். நான் விஎஸ் கோடு பயன்படுத்துகிறேன். மாற வேண்டுமா? — வாசகர், மதுரை

மாற வேண்டாம். இரண்டுமே நிரல் எழுதும் எடிட்டர்கள்தாம். விம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் கேலிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அதன் மூதாதையான விஐ எடிட்டரை பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கினார். மோடம் வழியாக எழுத்துகள் ஊர்ந்துவந்த காலம் அது. ஒரு கட்டளை ஒரே எழுத்தாக இருந்தால்தான் வேலை நகரும். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (பெரிய கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும்) அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தக் கருவியின் அமைப்பே இன்றுவரை விம்மின் இலக்கணமாக நீடிக்கிறது. பிராம் மோலெனார் விஐயைப் போன்ற ஓர் எடிட்டரை 1991இல் விம் ஆக வளர்த்து வெளியிட்டு, 2023இல் இறக்கும் வரை பராமரித்தார். பயன்படுத்துபவர்கள் உகாண்டாவின் குழந்தைகளுக்கு நன்கொடை தர வேண்டும் என்பது மட்டுமே அவருடைய வேண்டுகோள்.

விஎஸ் கோடு 2015இல் மைக்ரோசாஃப்ட்டிலிருந்து வந்தது; அண்மைக் கால ஆய்வுகளில் மிக அதிகமானோர் பயன்படுத்தும் எடிட்டர் அதுதான். அடுத்த ஆண்டே, எடிட்டரும் நிரல்மொழிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான பொதுவான நெறிமுறை ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதன் பிறகு, வரியை முடித்துத் தருவது, பிழையைச் சிவப்பில் காட்டுவது போன்ற வசதிகள் விம் உட்படப் பெரும்பாலான எடிட்டர்களுக்கும் வந்துவிட்டன. இதனாலேயே எடிட்டர் சண்டைக்கு இன்று பெரிய அர்த்தம் இல்லை. லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் விஐ இருக்கும் என்பதால், திறப்பது, திருத்துவது, சேமிப்பது, வெளியேறுவது ஆகிய நான்கையும் கற்றுவைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் உங்கள் எடிட்டரின் குறுக்குவிசைகளைப் படியுங்கள். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: இருண்ட திரையும் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் கண்ணுக்கு நல்லதா? — வாசகி, திருச்சி

அந்தக் கண்ணாடிக்குச் செலவிட வேண்டாம். பதினேழு சோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கை, கணினி வேலையால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொல்கிறது. இருண்ட திரை விருப்பத்தைப் பொறுத்தது. இருட்டறையில் இதமாகவும், வெளிச்சமான அறையில் படிக்கச் சிரமமாகவும் இருக்கும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்ந்துபோவதுதான் முக்கியமான தொல்லை. அவ்வப்போது சன்னலுக்கு வெளியே தொலைவில் பார்வையை ஓட்டுவதற்குக் காசு வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் அலுவலகம் தடுப்புச் சுவர் இல்லாத பெரிய கூடம். இரைச்சலை மறைக்கும் ஹெட்போன் வாங்கினால் கவனம் சிதறாதா? — நிரலாளர், சென்னை

ஓரளவுக்குத்தான். அந்த ஹெட்போன் வெளி ஒலியை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கி அதை அடக்குகிறது. ஏசியின் உறுமல், விமான இரைச்சல் போன்ற சீரான தாழ்ந்த ஒலிகளில் இது அபாரமாக வேலை செய்யும். ஏற்ற இறக்கமுள்ள மனிதப் பேச்சில் அவ்வளவாகச் செய்யாது. கூடத்தில் உங்களைத் தொல்லைப்படுத்துவது பேச்சுதான் என்றால், காதை முழுவதும் மூடும் மெத்தை உள்ள ஹெட்போனா என்பதை முதலில் பாருங்கள்.

டோர்வால்ட்ஸ் 2016இல் டெட் உரைமேடையில் தம் வீட்டு அலுவலகத்தின் படத்தைக் காட்டினார். சுவர்கள் வெளிர்பச்சை, கவனத்தை ஈர்க்க எதுவுமே இல்லை. பூனை மடியில் வந்து அமர்ந்தால் அதன் குறுகுறுப்புத்தான் கேட்க வேண்டும், கணினி மின்விசிறியின் சத்தம் கேட்கக் கூடாது என்பது அவர் விருப்பம். அந்த அறையிலேயே எல்லோரையும் கவர்ந்த பொருள் நடந்துகொண்டே வேலை செய்வதற்கான மேசை. அதை இப்போது பயன்படுத்துவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். விலை உயர்ந்த சாதனங்களை வாங்கத் துடிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் காதின் வழியாக வருவதைவிட அதிகத் தொந்தரவு திரையின் மூலையில் துள்ளும் அறிவிப்புகளிலிருந்துதான் வருகிறது. கணினி அறிவியலின் மூத்த அறிஞர் டொனால்ட் நூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சலையே விட்டுவிட்டார். அவருக்கு எழுத விரும்புபவர்கள் தபாலில்தான் எழுத வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நமக்கு அது கட்டுப்படியாகாது என்றாலும், காலையில் இரண்டு மணி நேரம் அரட்டைச் செயலியை மூடிவைப்பதை எந்த மேலாளரிடமும் கேட்டுப் பெறலாம்.

கேள்வி: தமிழ் உரையைக் கையாளும் செயலி ஒன்றை எழுதுகிறேன். தமிழில் வேலை செய்பவருக்கென்று தனியாக வேண்டிய கருவிகள் உண்டா? — வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு. முதலாவது, நல்ல தட்டச்சு முறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருக்கும். ககரத்தை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். ஆங்கில ஒலிபெயர்ப்பில் அடிப்பதைவிட விசைத்தட்டல்கள் கணிசமாகக் குறைகின்றன.

இரண்டாவது, எழுத்துகளை எண்ணத் தெரிந்த ஒரு நிரல் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு). 'தமிழ்' என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் அவை பதினைந்து பைட்டுகள். நிரல்மொழியின் நீளம் பார்க்கும் கட்டளையை நம்பினால் மொழியைப் பொறுத்து பெரும்பாலும் ஐந்தோ பதினைந்தோ கிடைக்கும், மூன்று கிடைப்பது அரிது. சொல்லைப் பின்னிருந்து திருப்பினால் புள்ளி எழுத்தை விட்டு ஓடிவிடும். பைத்தானில் எழுதுகிறீர்கள் என்றால் ஓப்பன்-தமிழ் நூலகம் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். 'கொ' போன்ற எழுத்துகளை இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், மூன்றாகவும் எழுதலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிக்கொள்ளாவிட்டால் தேடல் பொய்த்துவிடும். கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரங்கள் எல்லா எழுத்துக்கும் சம அகலம் என்ற கணக்கில் இயங்குபவை. ஆகவே அங்கே தமிழ் நெளிந்தால் உங்கள் நிரலைச் சந்தேகிக்காமல், வெளியீட்டைக் கோப்பில் எழுதி உலாவியில் திறந்து பாருங்கள்.

கேள்வி: காபி இல்லாமல் நிரல் எழுத முடியாது என்பது உண்மையா? — வாசகர், பெங்களூரு

முடியும். ஆனால் அந்த ஆசை தொழில்நுட்பத்துக்குக் கொஞ்சம் உதவியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் மாடி இறங்கி வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள், 1991இல் அதற்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, படத்தைத் தங்கள் கணினிகளில் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 1993இல் அந்தப் படம் வலைக்கும் வந்து, உலகின் முதல் வெப்கேம் என்று பெயர் பெற்றது. 2001இல் அதை நிறுத்தியபோது பழைய பாத்திரத்தை ஜெர்மனியின் ஷ்பீகல் இணைய இதழ் 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருக்கும்போது பிழைதேடும் கருவிகளை இனிக் கற்க வேண்டுமா? பிரிண்ட் போட்டுப் பார்ப்பது அவமானமா? — கணினிப் பயன்பாட்டு மாணவர், கோலாலம்பூர்

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். யூனிக்ஸ் இயங்குதளத்தின் முன்னோடிகளில் ஒருவரான பிரையன் கெர்னிஹான் 1970களில் எழுதிய தொடக்கநிலைக் கையேட்டில், கவனமாகச் சிந்திப்பதும், மதிப்புகளைத் திரையில் காட்டும் பிரிண்ட் வரிகளைச் சரியான இடங்களில் வைப்பதும்தான் மிகச் சிறந்த பிழைதேடும் வழி என்றார். இன்றும் அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) ஐந்து இடங்களிலிருந்து அழைக்கப்பட்டு அவற்றில் ஒன்றில் மட்டும் தவறாக நடக்கிறது என்றால், டீபக்கர் என்னும் பிழைதேடும் கருவியில், நிரல் நிற்க வேண்டிய இடத்துக்கு நிபந்தனையோடு நிறுத்தப்புள்ளி வைப்பது பிரிண்ட் வரிகளைத் தூவிக்கொண்டிருப்பதைவிட வேகமானது. அரை நாளில் கற்றுவிடலாம்.

நிரல் எழுத உதவும் கோபைலட் 2021இலும் சாட்ஜிபிடி 2022 நவம்பரிலும் வந்த பிறகு நிரலாளர்களின் பழக்கம் மாறியிருப்பது உண்மைதான். 2008 முதல் எல்லோரும் ஓடிப்போய்த் தேடிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி பதில் தளத்துக்கு மாற்றாகப் பலர் இப்போது உதவியாளரிடமே கேட்கிறார்கள். ஆனால் சாட்ஜிபிடி வெளிவந்த சில நாட்களிலேயே அதே தளம் அதன் பதில்களைத் தடைசெய்தது. அவை பார்வைக்குச் சரியானவையாகத் தோன்றி, சரிபார்த்தால் தவறாக இருப்பது அதிகம் என்பதுதான் காரணம். கருவிகள் அதன் பிறகு மிகவும் மேம்பட்டிருக்கின்றன; ஆனாலும் அவை எழுதித் தந்த நாற்பது வரியில் எந்த வரி தவறு என்று கண்டுபிடிக்கும் வேலை உங்களிடமேதான் இருக்கிறது, அதற்கு டீபக்கர் வேண்டும். சலிப்பூட்டும் சடங்கு வரிகளுக்கும், பழக்கமில்லாத மொழியின் தொடரியலுக்கும் உதவியாளரை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் படிக்கும் இந்த ஆண்டுகளில் பிழை செய்தியைக் கொண்டுபோய் அதனிடம் ஒட்டுவதற்கு முன், அதை ஒருமுறை நீங்களே முழுவதும் வாசியுங்கள். பல சமயம் கோப்பின் பெயரும் வரி எண்ணும் அதிலேயே இருக்கும்.